ஜெபிக்கிறவர்களுக்கும் வருகிற எண்ணம்: தமிழ்ச் சபைகளில் மெல்லக் கேட்கப்படும் கேள்விகள்

இதைப் படிக்கும்போதே சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். இப்போது 1767 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். வாய் திறந்து பேச வரவில்லை என்றால் 9151 1767க்கு வாட்ஸ்அப் அனுப்பலாம். தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் எண் 6389 2222. உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. பக்கத்து அறையில் ஒருவர் தூங்குகிறார் என்றால் அவரை எழுப்புங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் பல வருடங்களாக ஒரு தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபையில் வீடு சந்திக்கும் ஊழியத்தில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, போதகரும் இல்லை. இங்கே வரும் கேள்விகளை யாரும் மைக்கில் கேட்டதில்லை. ஆராதனை முடிந்து மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, புளோக்கின் கீழே, நள்ளிரவு வாட்ஸ்அப்பில் கேட்டவை.

உண்மையான விசுவாசிக்கு இப்படி ஓர் எண்ணம் வருமா?

வரும். வேதத்திலேயே வந்திருக்கிறது. எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். அதற்கு அடுத்து யேசபேல் ஒரு மிரட்டல் அனுப்புகிறாள். அவர் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். மோசே அப்படிக் கேட்டார். யோனா கேட்டார். யோபுவும் எரேமியாவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தார்கள். 88ஆம் சங்கீதம் ஒரு துளி வெளிச்சம்கூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை.

எலியாவிடம் தேவதூதன் என்ன செய்தான் என்பதை நம் சபைகளில் போதுமான அளவு பிரசங்கிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவன் அவரைத் திட்டவில்லை. "நேற்று அக்கினியைப் பார்த்தாயே, இன்று இப்படியா?" என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தான். தொட்டு எழுப்பி, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்தான். அப்போதும் சாப்பாடுதான், பயணம் வெகுதூரம் என்று மட்டும் சொன்னான்.

வேதகாலத்தோடு இது முடிந்துவிடவில்லை. லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர் சார்ல்ஸ் ஸ்பர்ஜனின் கூட்டம் ஒன்றில் 1856இல் நெரிசல் ஏற்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மனத்தளர்ச்சி அவரை விட்டுவிட்டு வாட்டியது; தன்னிடம் படித்த ஊழியக்காரர்களிடம் அதை ஒளிக்காமல் பேசினார். ஆங்கிலப் பாமாலை எழுதிய வில்லியம் கூப்பர் தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற பயத்தோடே பல வருடம் வாழ்ந்தார். இந்த இரண்டு பேரையும் விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பும் இதையேதான் காட்டியது. ஒரு மதத்தைச் சேர்ந்தவராக இருப்பது தற்கொலை எண்ணம் வராமல் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணம் முயற்சியாக மாறாமல் இருக்க அது உதவுகிறது. எண்ணம் வந்ததை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்காதீர்கள்.

அப்படியானால் இது பிசாசின் வேலை இல்லையா?

இந்த வார்த்தையை நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: "எனக்குள் பிசாசு இருக்கிறது." அதற்குப் பிறகு அவர் வாய் திறப்பதில்லை. தலைமேல் கை வைத்துச் சத்தமாக அதட்டி ஜெபித்ததும், அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகவே "இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெபியுங்கள், மெதுவாக, அவர் அனுமதியோடு. அதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்டு முடியுங்கள்.

ஒருவருடைய குணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் மனிதர்களின் சுபாவத்தைச் சில அளவுகோல்களில் பிரித்தார். ஒன்று, கூட்டத்தில் மலர்கிற சுபாவமா, தனிமையில் ஆறுகிற சுபாவமா என்பது. இன்னொன்று மனத்தளம்பல். சிலருக்குக் கவலை சீக்கிரம் பற்றிக்கொள்ளும், லேசில் அணையாது. ஞாயிற்றுக்கிழமை யாரோ முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது புதன்கிழமை வரை உள்ளே குத்திக்கொண்டிருக்கும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், சாவு பற்றிய எண்ணத்தோடு திரும்பத் திரும்பத் தொடர்புபட்டு வருகிற குணம் இந்தத் தளம்பல்தான். இது பாவம் இல்லை. தலையெழுத்தும் இல்லை. இப்படிப்பட்ட சுபாவத்தோடு எண்பது வயது வரை நன்றாக வாழ்பவர்கள்தான் அதிகம். சிலருக்குத் தோல் மெல்லியதாக இருப்பதைப்போல இவர்களுக்கு மனம்.

அடுத்தது, குறையே இருக்கக்கூடாது என்ற பிடிவாதம். இதை ஆராய்ந்த கனடா உளவியலாளர்கள் ஹியூவிட்டும் பிளெட்டும் அதில் ஒரு வகையைத் தனியாகக் காட்டினார்கள்: "மற்றவர்கள் என்னிடம் குறையில்லாமையை எதிர்பார்க்கிறார்கள்" என்ற உணர்வு. தற்கொலை எண்ணத்தோடு நெருக்கமாகச் சேர்ந்து வருவது அந்த வகை. நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் தொடங்கி, உயர்நிலைப்பள்ளியின் ஓ நிலைத் தேர்வு, பல்கலைக்கழகம் என்று ஓடும். போதகர் வீட்டுப் பிள்ளை என்றால் இன்னும் ஒரு படி மேலே. அந்தப் பிள்ளை கிட்டார் வாசித்தாலும் கவனிப்பார்கள், வாசிக்காமல் உட்கார்ந்தாலும் கவனிப்பார்கள்.

இப்போது இந்தச் சுபாவங்களின் மேல் வசனம் விழுவதைப் பாருங்கள். "பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்" என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. திடமான மனசுக்காரர் அதைக் கேட்டு, சரி, முயற்சி செய்வோம் என்று வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடுவார். அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும் மெல்லிய மனசுக்காரருக்கு அது சவுக்கு. அதே பிரசங்கம், அதே நாள். அவர் அன்று இரவு தன் குறைகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பார்.

கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் துன்பத்தில் மனிதர்கள் மதத்தைப் பிடித்துக்கொள்ளும் விதம் இரண்டு என்று காட்டினார். "ஆண்டவர் என்னோடு இதைச் சுமக்கிறார்" என்று பிடிப்பது ஒன்று. "ஆண்டவர் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்று பிடிப்பது மற்றொன்று. இரண்டாவது விதம் வேதனையைக் கூட்டுகிறது. ஆகவே ஒருவரிடம் "உனக்கு விசுவாசம் இருக்கிறதா?" என்று கேட்பதால் ஒன்றும் தெரியாது. "ஆண்டவர் உன்னை இப்போது எப்படிப் பார்க்கிறார் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வர நேரம் எடுக்கும். காத்திருங்கள்.

எல்லா மதத்திலும்தான் இந்தத் துயரம் இருக்கிறது. புராட்டஸ்டண்டுகளைத் தனியாகப் பேசுவது ஏன்?

பிரான்ஸ் நாட்டுச் சமூகவியலாளர் எமில் துர்கேம் 1897லேயே இதைப் பேசினார். ஐரோப்பாவில் கத்தோலிக்கப் பகுதிகளைவிடப் புராட்டஸ்டண்ட் பகுதிகளில் தற்கொலை அதிகம் என்று கணக்கு காட்டினார். இரண்டு சபைகளும் அதை ஒரே மாதிரிதான் தடை செய்கின்றன. ஆனால் புராட்டஸ்டண்ட் தன் மனசாட்சியோடு தனியாக விடப்படுகிறார், அவரைக் கட்டிப்பிடிக்கிற கயிறுகள் குறைவு என்பது துர்கேம் சொன்ன காரணம். கத்தோலிக்க ஊர்களில் இப்படிப்பட்ட சாவுகள் வேறு பெயரில் பதிவாகியிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் அவர் கணக்கைக் கேள்வி கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான்.

நம் காலத்துக்கு வந்தால், அமெரிக்காவில் சுமார் 90,000 பெண் தாதியரை 1996 முதல் 2010 வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. வாரம் ஒரு தரமாவது ஆராதனைக்குப் போனவர்களிடம் தற்கொலை, போகவே போகாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பாதுகாப்பு கத்தோலிக்கப் பெண்களிடம் இன்னும் பலமாகவும், புராட்டஸ்டண்ட் பெண்களிடம் அதைவிடக் குறைவாகவும் தெரிந்தது. சபைக்குப் போனதால்தான் இப்படி என்று முடிவு கட்ட இது போதாது. மனம் உடைந்தவர் முதலில் சபைக்கு வருவதைத்தான் நிறுத்துவார். ஆனாலும் எனக்கு இது ஆறுதலாகவும் எச்சரிக்கையாகவும் இருக்கிறது.

ஏன் என்பதற்கு என் அனுபவத்தில் ஒரு பதில் உண்டு. கத்தோலிக்கருக்கு இருப்பதுபோல நம்மிடம் பாவசங்கீர்த்தனக் கூண்டு இல்லை. உள்ளே இருக்கும் அழுக்கை, பயத்தை, ஒரு மனிதக் காதில் போடுவதற்கென்று ஒதுக்கிய இடம் இல்லை. நமக்கு இருப்பது சாட்சி நேரம். சாட்சி என்றால் என்ன? "வியாதியாக இருந்தேன், ஜெபித்தேன், சுகமானேன், ஸ்தோத்திரம்." முடிந்த கதைதான் மேடைக்கு வரும். இன்னும் முடியாதவர், நடுவிலேயே நிற்கிறவர், சொல்ல ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். தனக்கு மட்டும்தான் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் ஜெபக்கூட்டம். வாசலில் கேட் வரைக்கும் செருப்பு. முடிந்ததும் எல்லாரும் மீகூன் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஓர் அக்கா மட்டும் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பேசாமல் நானும் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் ஒரே கோப்பையை மூன்று தரம் கழுவினார். கைப்பிடியில் இருந்த சோப்பு போய்விட்டது, அப்போதும் தேய்த்தார். "அக்கா, தூங்குறீங்களா?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றார். "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டேன். குழாயை மூடாமலே நின்றார். அப்புறம் மெல்லத் தலையாட்டினார். அதே ஹாலில் சற்று முன்புதான் ஒருவர் வேலை கிடைத்த சாட்சி சொல்லி, எல்லாரும் கைதட்டியிருந்தோம். அந்த அக்காவும் தட்டினார்.

அடுத்த நாள் நானும் அவர் தங்கையும் அவரோடு டாக்டரிடம் போனோம். இன்று அவர் நன்றாக இருக்கிறார். அவர் அனுமதியோடுதான், ஆள் தெரியாதபடி எழுதுகிறேன்.

நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா?

ஆகாது. ஆய்வுகள் இதில் தெளிவாக இருக்கின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. சுற்றி வளைத்து "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும், ஏனென்றால் கேள்வியே அந்தப் பதிலைக் கேட்கிறது. பேச்சுத்தமிழில், சாதாரணக் குரலில் கேளுங்கள்.

"ஆமாம்" என்று பதில் வந்தால் பயந்து வசனம் சொல்லத் தொடங்காதீர்கள். "என்கிட்ட சொன்னீங்களே, நல்லது" என்று சொல்லலாம். எப்போதிருந்து, இன்று எப்படி, ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். திட்டம் இருந்தால் அவரைத் தனியே விடக்கூடாது. ஆபத்தானவை கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே இருந்து 1767ஐ நீங்களே கூப்பிடலாம், 995ஐயும் கூப்பிடலாம். ரகசியம் காப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வரா என்ற ஆங்கிலிக்கன் போதகர் 1935இல் நடத்திய முதல் அடக்க ஆராதனை, தன் உயிரை மாய்த்துக்கொண்ட 14 வயதுப் பெண்ணுக்கு. அவளுக்கு வந்தது மாதவிடாய். அதை வெட்கப்படத்தக்க நோய் என்று பயந்திருக்கிறாள், கேட்க ஆள் இல்லை. அந்தப் பாரம்தான் 1953இல் அவரைச் சமாரிட்டன்ஸ் சேவையைத் தொடங்க வைத்தது. அவர் ஆலோசனை சொல்ல உட்கார்ந்தார்; வெளியே காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துக் காது கொடுத்தார்கள். பலருக்கு அதுவே போதுமாக இருந்தது, உள்ளே போகவே தேவைப்படவில்லை. அந்த வழியில்தான் 1969இல் சிங்கப்பூரிலும் அபய ஆலோசனைச் சங்கம் வந்தது. அங்கே பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஆங்கிலம் வராது என்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து பேசுங்கள்.

தற்கொலை செய்துகொண்டவர் நரகத்துக்குத்தான் போவாரா?

இந்தக் கேள்வி வந்தால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "யாருக்காகக் கேட்கிறீர்கள்?" என்று கேட்பேன். சில நேரம் இறந்துபோன தம்பிக்காக. சில நேரம் தனக்காக. தனக்காகக் கேட்கிறவரோடு அப்போது இறையியல் பேசக்கூடாது. அவர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அன்றைய வேலை. தேவன் அவரிடம் விரும்புவதும் அதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இழந்துபோன குடும்பத்தாருக்கு என் பதில் இது. மன்னிக்கப்படாத பாவம் என்று இயேசு சொன்னது பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்தை, இதை அல்ல. மார்ட்டின் லூத்தர் 1532இல் சாப்பாட்டு மேசைப் பேச்சில், இப்படி இறந்தவர்கள் நிச்சயம் கெட்டுப்போனார்கள் என்ற கருத்து தனக்கு இல்லை என்றார். காட்டில் கள்ளர் கையில் மாட்டியவனைப்போல அவர்கள் மேற்கொள்ளப்பட்டார்கள் என்று ஒப்பிட்டார். நம் தமிழ்ச் சபைகளில் சில பெரியவர்கள் லூத்தரைவிடக் கடுமையாக இருக்கிறார்கள். அடக்க ஆராதனையில் அந்தக் கடுமையைக் காட்டுவது, உயிரோடு இருக்கிற தாயின் நெஞ்சில் மிதிப்பது.

மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவா?

இல்லை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிற அதே போதகர் மனச்சோர்வுக்குப் போடாதே என்று சொன்னால், அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் கிடைத்தால் மனநலக் கழகத்தில் சலுகைக் கட்டணம். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரை டிபன் கேரியரில் கஞ்சியும் துவையலும் கொண்டுபோகிற ஆள் வேண்டும். அந்த இடத்தில்தான் சபை.

போலீஸ் கேஸ் ஆகுமா?

தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை. பயந்துகொண்டு 995ஐக் கூப்பிடாமல் இருக்காதீர்கள்.

போதகரிடம் சொன்னால் சபை முழுக்கப் பரவிவிடுமே?

பரவியிருக்கிறது. மறுக்க மாட்டேன். ஒரு சபையில் ஒரு பெண் சொன்னதை "ஜெபக்குறிப்பு" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்; பெயர் இல்லை, ஆனால் புளோக்கும் பிள்ளைகள் எத்தனை என்பதும் இருந்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை.

போதகர்மாருக்கும் செல் குரூப் தலைவர்களுக்கும் என் விண்ணப்பம்: உயிருக்கு ஆபத்து என்றால் தேவையான ஓரிருவரிடம் சொல்லுங்கள், அதையும் அவருக்குத் தெரிவித்துச் சொல்லுங்கள். வேறு யாரிடமும் வேண்டாம். சொல்ல வருகிறவர்களுக்கு: உங்கள் சபையில் நம்பிக்கையான ஆள் இல்லை என்றால் வேறு சபைப் போதகரிடமோ, உங்களை யாரென்றே தெரியாத 1767இலோ பேசுங்கள். அது சபைக்குத் துரோகம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தம்பிகளில் சிலர் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள். திடீரென்று வராமல் போகிறார்கள். நாம் என்ன செய்யலாம்?

போன் செய்யுங்கள். அன்றே. தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர், சாக விரும்புவதற்குள் இரண்டு உணர்வு சேர்ந்திருக்கும் என்றார்: நான் யாருக்கும் சேர்ந்தவன் இல்லை, நான் எல்லாருக்கும் பாரம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், ஊரில் அக்கா கல்யாணம், கையில் அடிபட்டு வேலை இல்லாத மாதங்கள் என்று பாருங்கள். இரண்டு உணர்வும் தங்குவிடுதியின் அடுக்குக் கட்டிலில் ஒன்றாகப் படுத்திருக்கும். அவர்களை நாம் ஊழியம் பெறுகிறவர்களாக மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு தம்பிக்கு நாற்காலி அடுக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அவன் இல்லாவிட்டால் ஒரு வேலை நிற்கும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்செர்வ் அமைப்பின் 24 மணி நேர எண் 3129 5000.

எங்கள் வீட்டில் ஒருவர் அப்படிப் போய்விட்டார். சபைக்கு எந்த முகத்தோடு வருவது?

2022இல் மட்டும் இந்தத் தீவில் 476 பேர் அப்படிப் போனார்கள். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் உங்களைப்போல ஒரு வீடு இருக்கிறது. அபய ஆலோசனைச் சங்கத்தில் இப்படி இழந்தவர்கள் கூடிப் பேசுவதற்கென்றே துணைக்குழு உண்டு. உங்கள் முதல் ஆராதனைக்கு முன்பே அங்கே போனாலும் சரிதான்.

"அன்றைக்கு நான் போனை எடுத்திருந்தால்" என்ற கேள்வி உங்களைச் சுற்றிச் சுற்றி வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவருக்கு நடந்தது ஒரே ஒரு போனால் வந்ததல்ல. சுபாவம், நோய், கடன், வெட்கம், தூக்கமில்லாத இரவுகள் என்று பல நூல் முறுக்கிக்கொண்டு வந்தது.

சபைக்கு வரத் தோன்றும்போது வாருங்கள். பாட வேண்டாம். கடைசி வரிசையில் வாசலோரம் உட்காருங்கள்; நடுவில் எழுந்து போகலாம். முதல் நாள் தனியாக வர வேண்டாம், ஒருவருக்குச் சொல்லுங்கள், எம்ஆர்டி வாசலிலிருந்து உங்களோடு நடந்து வரட்டும். யாராவது கையைப் பிடித்து "எல்லாம் தேவசித்தம்" என்றால் கையை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பெயரைச் சொல்ல வேண்டும்போல இருந்தால் சத்தமாகச் சொல்லுங்கள். அவர் என்ன பாட்டுப் பாடுவார், தே ஓ எப்படிக் குடிப்பார் என்று சொல்லுங்கள். கேட்க நாங்கள் சிலர் இருக்கிறோம்.